வாடகை வீட்டின் வெளிப்புறத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? நிலச்சீரமைப்பு பட்ஜெட் போடும் முறை

முதலீட்டுக்காக வாங்கிய வீட்டில் உள்வேலைக்குப் பெரும்பாலும் ஒழுங்கான மதிப்பீடு இருக்கும். பெயின்ட் எத்தனை லிட்டர், டைல்ஸ் எத்தனை பெட்டி, குழாய் எத்தனை மீட்டர் என்று எழுதிவைத்துச் செலவு செய்வார்கள். வாசற்படியைத் தாண்டியதும் அந்த ஒழுங்கு கலைந்துவிடுகிறது. ‘சதுர மீட்டருக்கு இவ்வளவு’ என்று ஒப்பந்ததாரர் சொல்லும் ஒற்றை எண்ணே பட்ஜெட் ஆகிவிடுகிறது. வெட்டிய மண்ணை வெளியேற்றும் செலவு அதில் அடங்குமா, மழைநீர் எந்தப் பக்கம் வடியும், வேலை முடிந்த மறுநாளிலிருந்து செடிக்குத் தண்ணீர் விடப்போவது யார் என்ற கேள்விகளுக்கு அந்த எண்ணில் பதில் இல்லை.

சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டில் மனத்துக்குப் பிடித்ததைச் செய்துகொள்ளலாம். அதன் பலன் தினமும் கண்ணில் படும். வாடகைக்கு விடும் வீட்டிலும், வாங்கி விற்கும் வீட்டிலும் போட்ட பணம் வாடகையாகவோ விலையாகவோ திரும்பி வந்தாக வேண்டும். ஆகவே படம் வரைந்து, செடி தேர்ந்தெடுத்து, கடைசியில் கூட்டிப் பார்க்கும் வழக்கமான முறை இங்கே உதவாது. பராமரிப்பை யார் செய்வார், ஆண்டுக்கு அதற்கு என்ன ஆகும், கூடுதல் வாடகை அதைத் தாங்குமா என்று முதலில் கேட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து வேலையின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

கட்டுமானப் பகுதி என்பது பாதை, கார் நிறுத்தும் தளம், படிகள், தடுப்புச் சுவர், வேலி, வடிகால் ஆகியவை. ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் பல ஆண்டுகள் நிற்கும். ஆரம்பச் செலவு அதிகம், ஆண்டுச் செலவு குறைவு.

உயிர்ப் பகுதி என்பது மண், புல், புதர்ச்செடி, மரம், மூடாக்கு (செடிகளைச் சுற்றி மண்ணை மூடப் பரப்பும் மரத்தூள், பட்டை போன்றவை). ஆரம்பத்தில் மலிவாகத் தெரியும். ஆண்டுதோறும் கூலியும் தண்ணீரும் கேட்கும்.

வாட்டம் என்பது தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்குக் கொடுக்கும் சரிவு. 2 சதவீத வாட்டம் என்றால் 1 மீட்டருக்கு 20 மில்லிமீட்டர் இறக்கம்.

அளவுப் பட்டியல் என்பது ஒவ்வொரு வேலையையும் தனி வரியாக எழுதி, அளவு, அலகு, விலை ஆகியவற்றைக் காட்டும் ஆவணம். இது இல்லாமல் இரண்டு கொட்டேஷன்களை ஒப்பிட முடியாது.

வைத்திருக்கும் காலம் என்பது வாங்கிய நாளிலிருந்து விற்கப்போகும் நாள் வரையிலான ஆண்டுகள். பட்ஜெட்டில் பலர் எழுதாமல் விடும் எண் இதுதான். 1 ஆண்டில் விற்கப்போகும் வீட்டுக்கும் 15 ஆண்டு வாடகைக்கு விடப்போகும் வீட்டுக்கும் ஒரே தோட்டம் பொருந்தாது.

உச்சவரம்பை வாடகை தீர்மானிக்கட்டும்

வீட்டு மதிப்பில் இத்தனை சதவீதத்தைத் தோட்டத்துக்கு ஒதுக்கலாம் என்ற பொதுவிதிகள் நிறைய உலவுகின்றன. அவை சொந்தக் குடியிருப்புக்காகச் சொல்லப்பட்டவை. வாடகை வீட்டுக்கு வேறு கணக்கு தேவை:

1. இதே வசதியுள்ள, வெளிப்புறம் நன்றாக இருக்கும் பக்கத்து வீடுகள் என்ன வாடகைக்குப் போகின்றன என்று பாருங்கள். உங்கள் வீட்டு வாடகைக்கும் அவற்றின் வாடகைக்கும் உள்ள வித்தியாசமே கிடைக்கக்கூடிய கூடுதல் வாடகையின் உச்சவரம்பு. என்ன செலவழித்தாலும் அந்தத் தெருவின் வாடகையைத் தாண்டுவது கடினம்.
2. அந்தக் கூடுதல் வாடகையிலிருந்து கூடுதல் பராமரிப்புச் செலவைக் கழியுங்கள்.
3. மொத்தச் செலவை அந்த மீதியால் வகுங்கள். வருவது, பணம் திரும்ப எத்தனை ஆண்டு ஆகும் என்பது.
4. அது வைத்திருக்கும் காலத்தைவிட நீண்டால், வேலையைக் குறைக்க வேண்டும்.

எண்களோடு பார்ப்போம். ஆண்டு வாடகை 100 பங்கு என்று கொள்வோம். புல்தரை, பூப்படுகை, மர மேடை எல்லாம் சேர்ந்த திட்டத்துக்கு 40 பங்கு செலவு; வாடகை 5 பங்கு கூடுகிறது; பராமரிப்புக்கு ஆண்டுக்கு 2 பங்கு போகிறது. மீதி 3 பங்கு. பணம் திரும்ப 13 ஆண்டுகளுக்கு மேல். இரண்டாவது திட்டத்தில் ஒழுங்கான பாதை, கார் தளம், வடிகால், சில தாங்கும் புதர்ச்செடிகள், வாசல் விளக்கு மட்டும்: செலவு 18 பங்கு, வாடகை 4 பங்கு கூடுகிறது, பராமரிப்பு அரைப் பங்கு. மீதி மூன்றரை. 5 ஆண்டுக்குச் சற்று மேலே பணம் திரும்பிவிடும். முதல் திட்டம் வாடகையை அதிகமாக உயர்த்தினாலும் இரண்டாவதே நல்ல முதலீடு.

இன்னொன்றையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெளிப்புறம் சரியாக இருந்தால் வீடு சீக்கிரம் வாடகைக்குப் போகும். ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் ஆண்டு வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விடும். காலி நாட்களைக் குறைப்பதால் வரும் பலன், வாடகை உயர்வால் வரும் பலனைவிடப் பெரியதாக இருப்பதும் உண்டு.

குடிவருகிறவர் எதைப் பார்ப்பார்? மழையிலும் காலில் சேறு படாமல் கேட்டிலிருந்து கதவுக்கு வரமுடிகிறதா, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, இரவில் வெளிச்சம் உண்டா, துணி காயப்போட இடம் எங்கே, பக்கத்து வீட்டு ஜன்னல் நேராகப் பார்க்கிறதா. அரிய செடிவகைகள் இந்தப் பட்டியலில் வெகு கீழே வரும்.

ஒப்படைத்த பிறகு ஓடும் செலவு

100 சதுர மீட்டர் புல்தரையை எடுத்துக்கொள்வோம். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். வளரும் பருவத்தில் மழை இல்லாவிட்டால் புல்லுக்கு வாரம் 25 மில்லிமீட்டர் வரை தேவைப்படும். அதாவது வாரத்துக்கு 2,500 லிட்டர். வெட்டும் வேலை தனி. ஓர் ஆண்டில் 30 முறை, ஒரு முறைக்கு 1 மணி நேரம் என்று வைத்தால் 10 ஆண்டில் 300 மணிநேரக் கூலி. அந்த 300 மணி நேரத்தை உங்கள் ஊர்க் கூலியால் பெருக்கி, புல் பதித்த செலவுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

புல் வேண்டாம் என்றால் எல்லா இடத்திலும் சிமென்ட் போட்டுவிடலாம் என்று சிலர் தாவுவார்கள். அதுவும் தவறு. சிமென்ட் தளம் வெயிலில் சூடேறி வீட்டையும் சூடாக்கும். மழைநீர் முழுவதும் ஒரே நேரத்தில் ஓடிவந்து வடிகாலின் அளவைப் பெரிதாக்கும். பல ஊர்களில் மனையில் எத்தனை சதவீதத்தை நீர் இறங்காதபடி மூடலாம் என்பதற்கு விதியும் உண்டு. தாங்கும் புதர்ச்செடியும் மூடாக்கும் நடுவழியாக நன்றாக வேலை செய்யும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ‘இதை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தொட வேண்டும்’ என்று ஒரு நிரல் போடுங்கள். மரத்தூள், பட்டை போன்ற மூடாக்கு மட்கிப்போகும். ஆண்டுதோறும் 25 மில்லிமீட்டர் அளவுக்கு நிரப்ப வேண்டிவரும். மர மேடைக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயோ பூச்சோ தேவை. சொட்டுநீர்க் குழாயின் வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும். இவற்றை எழுதும்போதே திட்டத்திலிருந்து பாதிப் பொருள்கள் தானாக விலகிவிடும்.

மண்ணுக்கு அடியில் போகும் பணம்

நிலச்சீரமைப்பில் பட்ஜெட் உடைவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். பூச்செடிக்குப் பேரம் பேசிச் சேமித்ததை ஒரே மழையில் வடிகால் தின்றுவிடும். ஆகவே முதல் பணம் வாட்டத்துக்கும் வடிகாலுக்கும் போக வேண்டும். இதில் சமரசம் செய்துகொள்ளவே கூடாது.

சுவரிலிருந்து முதல் 3 மீட்டருக்கு மண் தரை 5 சதவீத வாட்டத்தோடு வெளியே சாய வேண்டும். அதாவது 3 மீட்டருக்குள் 150 மில்லிமீட்டர் இறக்கம். கெட்டியான தளமானால் 2 சதவீதம் போதும். வெளித்தரையின் மட்டம் சுவரின் ஈரத்தடுப்புப் பட்டைக்கு (மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமல் அடிப்பகுதியில் போடும் அடுக்கு) குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். பழைய தளத்தை உடைக்காமல் அதன்மேலேயே புதிய தளம் போட்டால் செலவு குறையும் என்று சொல்பவர்கள் இந்த 150 மில்லிமீட்டரை விழுங்கிவிடுகிறார்கள். இரண்டு மழைக்காலத்தில் உள்சுவரில் ஈரம் ஏறும், பெயின்ட் உரியும், குடியிருப்பவர் புகார் சொல்வார். அப்போது தளத்தை உடைப்பதோடு உள்சுவர்ப் பூச்சையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

தண்ணீரின் அளவையும் கணக்கிட வேண்டும். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் இறங்கும். அது கூரைக் குழாயிலிருந்து சுவரோரம் கொட்டினால் எந்தப் பூப்படுகையும் தாங்காது. குழாயைத் தொடர்ந்து குறைந்தது 1 சதவீத வாட்டத்தில் வெளியே கொண்டுபோக வேண்டும்.

மண் எப்படிப்பட்டது என்று அறியச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. 300 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். 25 மில்லிமீட்டருக்கும் குறைவாக இறங்கினால் களிமண் பாங்கு. வடிகாலுக்குத் தனி வரி ஒதுக்கியே ஆக வேண்டும். அதைக் கொட்டேஷன் கேட்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

தடுப்புச் சுவர் விழுவதற்கும் காரணம் தண்ணீர்தான். சுவரின் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தத்தை வெறும் கல்லும் சிமென்டும் நெடுநாள் தாங்காது. சுவருக்குப் பின்னால் 300 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஜல்லி, அடியில் துளையிட்ட குழாய், மண் ஜல்லிக்குள் புகாமல் ஜியோடெக்ஸ்டைல் துணி, சுவரில் நீர் கசியும் துளைகள் ஆகிய நான்கும் அளவுப் பட்டியலில் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். ‘தடுப்புச் சுவர், மொத்தம்’ என்று ஒரே வரியாக வந்தால் இவற்றில் ஏதோ ஒன்று இல்லை என்றே கொள்ளுங்கள். 1 மீட்டருக்கு மேல் உயரும் சுவருக்குப் பல இடங்களில் பொறியாளர் வரைபடமும் அனுமதியும் தேவைப்படும். அதே நிலத்தை இரண்டு குட்டைச் சுவர்களாகப் பிரித்தால் சில நேரம் செலவு குறையும். ஆனால் மேல்சுவர் கீழ்ச்சுவருக்கு மிக அருகில் நின்றால் அதன் சுமையும் கீழ்ச்சுவர்மேல் இறங்கும் என்பதால் இடைவெளியைப் பொறியாளரே சொல்ல வேண்டும்.

ஒரு கார் தளம்: 40 சதுர மீட்டருக்குள் என்ன இருக்கிறது

8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்தில் பேவர் பிளாக் தளம். கொட்டேஷனில் ‘40 சதுர மீட்டர்’ என்று இருக்கும். உள்ளே பிரித்துப் பார்ப்போம்.

1. தோண்டும் பரப்பு: அடித்தளம் ஓரக்கல்லைத் தாண்டி எல்லாப் பக்கமும் 150 மில்லிமீட்டர் நீள வேண்டும். அப்போதுதான் ஓரம் சாயாது. 8.3 × 5.3 = 44 சதுர மீட்டர். முதல் அடியிலேயே 10 சதவீதம் கூடிவிட்டது.
2. ஆழம்: திமிசு போட்டு இறுக்கிய ஜல்லி 200, படுகை மணல் 25, வண்டி ஏறும் கல் 80; ஆக 305 மில்லிமீட்டர்.
3. வெட்டும் மண்: 44 × 0.305 = 13.4 கன மீட்டர். வெட்டிய மண் உப்பும். 25 சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய 17 கன மீட்டர் ஏற்றி அனுப்ப வேண்டும். எடையில் 20 டன்னைத் தாண்டும். சதுர மீட்டர் விலையில் அடிக்கடி விடுபடும் வரி இது.
4. ஜல்லி: இறுகிய நிலையில் 8.8 கன மீட்டர். இறுக்கும்போது அமுங்கும் என்பதால் 11 கன மீட்டர் வாங்க வேண்டும். 100 மில்லிமீட்டர் போட்டு ஒருமுறை, மீண்டும் 100 போட்டு ஒருமுறை காம்பாக்டர் (இறுக்கும் எந்திரம்) ஓட்ட வேண்டும். 200-ஐயும் ஒரே தடவையில் கொட்டி இறுக்கினால் மேற்பகுதி மட்டும் இறுகும்.
5. மணல்: 40 × 0.025 = 1 கன மீட்டர்; சேதாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். மேடுபள்ளத்தை மணலால் நிரப்பிச் சரிசெய்யும் பழக்கத்தை அனுமதிக்காதீர்கள். மணல் தடித்த இடத்தில் கல் இறங்கும்.
6. கல்: நேர்வரிசையில் பதித்தால் 5 சதவீதமும், குறுக்குச் சாய்வாகப் பதித்தால் 10 சதவீதமும் வெட்டுச் சேதாரம். 42 முதல் 44 சதுர மீட்டர்.
7. ஓரக்கல்: சுற்றளவு 26 மீட்டர்.
8. களிமண் நிலமானால் அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி, விளிம்பில் மடிப்போடு ஏறக்குறைய 50 சதுர மீட்டர்.

5 மீட்டர் அகலத்துக்கு 2 சதவீத வாட்டம் என்றால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 100 மில்லிமீட்டர் வித்தியாசம். அந்த 100 மில்லிமீட்டர் கேட்டின் அடிமட்டத்தோடும் தெருவின் மட்டத்தோடும் பொருந்துகிறதா என்று டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டம் பார்க்கும் குழாய்) வைத்துப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

விலையைக் குறைக்கச் சொன்னால் ஒப்பந்ததாரர் முதலில் கைவைப்பது 4-ஆம் வரியில். 200-ஐ 100 ஆக்கினால் 5.5 கன மீட்டர் ஜல்லியும் அதற்கான தோண்டும் கூலியும் மிச்சம். மேலே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. சில மாதங்களில் சக்கரம் ஓடும் இரண்டு தடத்திலும் கல் அமுங்கி, அங்கே தண்ணீர் நிற்கும், மணல் கரையும். சரிசெய்ய அந்தப் பகுதியின் கல்லைப் பெயர்த்து, தோண்டி, ஜல்லி நிரப்பி, மறுபடி பதிக்க வேண்டும். மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு கூலி. நடைபாதைக்கு மட்டும் என்றால் 100 மில்லிமீட்டர் ஜல்லியும் 60 மில்லிமீட்டர் கல்லும் போதும். ஆகவே சிக்கனம் வேண்டுமானால் வண்டி ஏறும் பரப்பைச் சுருக்குங்கள், தடிமனைச் சுருக்காதீர்கள்.

செடி, மண், தண்ணீர்

செடிக்கு ஆகும் செலவைத் தீர்மானிப்பது இடைவெளி. 30 சதுர மீட்டர் படுகையில் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் 83 செடி; 90 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் 37. முழுதாக வளர்ந்த அகலம் 90 சென்டிமீட்டர் உள்ள செடியை 60-இல் நட்டால், பணம் இரட்டிப்பாகப் போவது மட்டுமில்லை; ஓரிரு ஆண்டில் நெருங்கி, காற்றோட்டம் இல்லாமல் நோய் வந்து, பாதியைப் பிடுங்க வேண்டிவரும். உடனே விற்கப்போகும் வீட்டில் நெருக்கி நடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வாடகை வீட்டில் இல்லை. இடைவெளியை மூடாக்கால் நிரப்பினால் போதும். 75 மில்லிமீட்டர் தடிமனுக்கு 30 சதுர மீட்டருக்கு 2.25 கன மீட்டர் ஆகும். தண்டை ஒட்டி மூடாக்கைக் குவிக்கக் கூடாது, அடித்தண்டு அழுகும்.

மரத்திலும் பெரிதாக வாங்குவது வீண். தண்டின் தடிமனில் ஒவ்வொரு 25 மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய ஓர் ஆண்டு வேர்பிடிக்கத் தேவை என்பது தோட்டக்கலையில் வழங்கும் தோராயக் கணக்கு. 100 மில்லிமீட்டர் தண்டுள்ள மரம் 4 ஆண்டு கவனிப்புக் கேட்கும், கிரேனும் கேட்கும். 25 மில்லிமீட்டர் கன்று ஓராண்டில் பிடித்து வளரத் தொடங்கிவிடும். குழியின் அகலம் வேர்மண் உருண்டையைப்போல் 2 முதல் 3 மடங்கு. ஆழம் உருண்டையின் உயரத்துக்கு மேல் வேண்டாம். தண்டு விரிந்து வேராக மாறும் இடம் தரைமட்டத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆழமாகப் புதைத்த மரம் உடனே சாகாது. மெல்ல நலிந்து, உத்தரவாதக் காலம் முடிந்த பிறகே சாகும். கழிவுநீர்க் குழாயின் தடத்தில் மரமே வேண்டாம்.

மண்ணைப் பொறுத்தவரை, புல்லுக்கு 100 முதல் 150 மில்லிமீட்டர் நல்ல மேல்மண், புதர்ச்செடிக்கு 300 முதல் 450. வெளியிலிருந்து முழுவதும் வாங்குவதற்கு முன், இருக்கும் மண்ணில் 50 மில்லிமீட்டர் மட்கிய உரம் பரப்பி 150 மில்லிமீட்டர் ஆழம் கொத்திக் கலந்தால் போதுமா என்று பாருங்கள். கட்டட வேலையின்போது வண்டி ஓடி இறுகிய மண்ணானால் கொத்தாமல் நடவே கூடாது.

சொட்டுநீர்ப் பாசனம் வாடகை வீட்டில் தன் விலையைத் தானே மீட்கும். காரணம் எளிது: வீடு காலியாக இருக்கும் மாதத்திலும் செடி பிழைக்கும். 37 செடிக்கு ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டுவான் 2 வீதம் வைத்தால் மணிக்கு 148 லிட்டர். வாரம் இரண்டு முறை ஒவ்வொரு மணி நேரம் ஓட்டினால் 296 லிட்டர். அதே 30 சதுர மீட்டர் புல்லாக இருந்தால் 750 லிட்டர். வடிகட்டியும் அழுத்தக் குறைப்பானும் டைமரும் விலையில் சேர்ந்திருக்க வேண்டும்; வடிகட்டி இல்லாத சொட்டுக்குழாய் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

வேலையின் வரிசை

வரிசை மாறினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் போகும். சரியான ஒழுங்கு இது: நிலத்தடி மின்கம்பி, எரிவாயு, தண்ணீர்க் குழாய்களின் தடத்தைக் குறித்தல், இடிப்பும் அகற்றலும், மட்டமும் வாட்டமும், வடிகால், தளத்துக்கு அடியில் போகும் வெற்றுக்குழாய், கட்டுமானம், பாசனமும் விளக்கும், மண் தயாரிப்பு, மரம், புதர், கடைசியில் புல், மூடாக்கு.

வெற்றுக்குழாயைத் தனியாகச் சொல்ல வேண்டும். இன்று பாசனமும் விளக்கும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாலும், பாதைக்கும் கார் தளத்துக்கும் அடியில் குறுக்காக 100 மில்லிமீட்டர் குழாய் ஒன்றைப் போட்டு இரு முனையையும் மூடி வையுங்கள். சில மீட்டர் குழாயின் விலைதான். பின்னால் தளத்தை வெட்டி ஒட்டுப்போட வேண்டிய நிலை வராது. வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க நினைப்பவர்களுக்கு இந்தக் குழாய் இன்றியமையாதது.

பணத்தைப் பங்கிடுதல்

வெறும் மனையிலிருந்து தொடங்கும் சராசரி வேலைக்குத் தொடக்கக் கணக்காக 100-ஐ இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: அகற்றல், மட்டம், வடிகால் 22; கட்டுமானப் பகுதி 36; மண்ணும் செடியும் 17; பாசனமும் விளக்கும் 8; வரைபடம், அளவை, அனுமதி 5; எதிர்பாராச் செலவு 12. சரிவான நிலமானால் முதல் இரண்டும் ஏறும். ஏற்கெனவே நல்ல தளம் இருந்தால் கட்டுமானம் பாதியாகும்.

எதிர்பாராச் செலவு ஒதுக்கீடு புதிய மனைக்கு 10 முதல் 12 சதவீதம், பழைய வீட்டுக்கும் சரிவுக்கும் 15 முதல் 20. பழைய மனையைத் தோண்டும்போது புதைந்த கட்டட இடிபாடும், பயன்படாத கழிவுநீர்த் தொட்டியும், வரைபடத்தில் இல்லாத குழாயும் வருவது வழக்கம். இந்த ஒதுக்கீட்டை வேலையின் பாதியில் அழகான விளக்குக்குத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. தோண்டும் வேலை முழுவதும் முடிந்து, வடிகால் மூடப்பட்ட பிறகே மிச்சத்தை வேறு வேலைக்கு மாற்றலாம்.

கொட்டேஷனில் பார்க்க வேண்டியவை

மூன்று பேரிடம் விலை கேளுங்கள்; மூவருக்கும் உங்கள் அளவுப் பட்டியலையே கொடுங்கள். அவரவர் பட்டியலில் அவரவர் விலை சொன்னால், குறைந்த விலை என்பது பெரும்பாலும் குறைந்த வேலையாகவே இருக்கும். மூன்றில் ஒன்று மற்ற இரண்டைவிட மிகவும் தாழ்ந்திருந்தால் மண் அகற்றலையும் ஜல்லித் தடிமனையும் முதலில் கேளுங்கள்.

நுழைவழியையும் காட்டுங்கள். வீட்டின் பக்கவழி ஒரு மீட்டருக்கும் குறுகலானால் பெரும்பாலான சிறிய தோண்டும் எந்திரங்கள்கூடப் பின்புறம் போகாது. 17 கன மீட்டர் மண்ணும் தள்ளுவண்டியில்தான் வெளியே வரும். கூலி வரி தலைகீழாக மாறிவிடும். இதைப் பார்க்காமல் விலை சொன்னவர் பாதியில் ‘கூடுதல் வேலை’ என்று கேட்பார்.

பணம் கொடுப்பதைக் கண்ணால் சரிபார்க்கக்கூடிய கட்டங்களோடு இணையுங்கள்: வடிகால் பதித்து மூடுவதற்கு முன், ஜல்லி இறுக்கிய பின் கல் பதிப்பதற்கு முன், கட்டுமானம் முடிந்தபின், செடி நட்டு பாசனம் ஓட்டிக் காட்டியபின். மூடப்போகும் ஒவ்வொன்றையும் அளவு நாடா வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 5 முதல் 10 சதவீதத்தைப் பிடித்தமாக வைத்து, ஒரு மழைக்காலம் கடந்தபின் கொடுப்பது நல்லது. செடிக்கான உத்தரவாதத்தில் ‘முறையாகத் தண்ணீர் விட்டால்’ என்ற நிபந்தனை இருக்கும். வீடு காலியாக இருக்கும்போது விடுவது யார் என்று அதே தாளில் எழுதுங்கள்.

காலி நாட்கள், ஒப்பந்தம், வரி

ஒருவர் காலிசெய்து அடுத்தவர் வருவதற்குள் வேலையை முடிக்கத் திட்டமிட்டால், நீளும் ஒவ்வொரு வாரத்தின் வாடகையும் வேலையின் செலவுதான். அதையும் பட்ஜெட்டில் ஒரு வரியாக எழுதுங்கள். கட்டுமானத்தைக் காலி நாட்களில் முடித்து, செடி நடுவதைப் பருவம் பார்த்துத் தள்ளிவைக்கலாம். கடும் வெயிலில் நட்டு ஆள் இல்லாத வீட்டில் விட்டால் செடிக்குப் போட்டது முழுவதும் போகும். விற்பனைக்கான வீடானால் நேர்மாறு: படம் எடுப்பதற்கு 3, 4 வாரம் முன்பே புல் பதித்துவிட வேண்டும், புதிதாகப் பதித்த புல்லின் இணைப்புக்கோடு படத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

வாடகை ஒப்பந்தத்தில் ‘தோட்டத்தைப் பராமரிக்க வேண்டும்’ என்ற ஒற்றை வரி சண்டைக்கே வழிவகுக்கும். புல் வெட்டுவது யார், தண்ணீர்க் கட்டணம் யாருடையது, மரக்கிளை கழிப்பது யார் என்று பிரித்து எழுதுங்கள். ஏணி ஏற வேண்டிய எந்த வேலையையும் குடியிருப்பவர் தலையில் கட்டாதீர்கள். பலர் வாழும் குடியிருப்பானால் மாதத்துக்கு இருமுறை ஆள் வைத்து, அதை வாடகையிலேயே சேர்த்துவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

பல நாடுகளின் வரிவிதிகள் பழுதுபார்ப்பையும் மேம்பாட்டையும் வேறுபடுத்துகின்றன. உடைந்த வேலியைச் சீர்செய்தால் அந்த ஆண்டுச் செலவு. இல்லாத இடத்தில் புதிய தளம் போட்டால் மூலதனச் செலவாகிப் பல ஆண்டுகளில் கழியும் அல்லது விற்கும்போது கணக்கில் வரும். இரண்டையும் ஒரே பில்லில் ‘தோட்ட வேலை, மொத்தம்’ என்று வாங்கினால் பின்னால் பிரிக்க முடியாது. வேலை தொடங்கும் முன்பே கணக்காளரிடம் கேட்டு, ஒப்பந்ததாரரிடம் பில்லைத் தனித்தனியாக வாங்குங்கள்.

கடைசியாக, சேமிப்பு ஒதுக்கீடு. வேலி, தளம், குழாய், விளக்கு என்று ஒவ்வொன்றின் விலையையும் அதன் எதிர்பார்க்கும் ஆயுளால் வகுத்துக் கூட்டினால் ஆண்டுக்கு எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும் என்று தெரியும். அந்தத் தொகையும் ஆண்டுப் பராமரிப்பும் சேர்ந்து கூடுதல் வாடகையை எட்டிவிட்டால், மேலே சொன்ன வகுத்தல் கணக்கைப் புதிய எண்களோடு ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.